'8 மடங்கு' என்றால் எதன் 8 மடங்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயது. தேனிப் பக்கம் ஒரு ஊர். 3 வருடத்துக்கு முன்னால் மகள் பிறந்தாள். எட்டாம் மாதத்தில் பிரஷர் 160/110-க்கு ஏறிவிட்டது. சிறுநீரில் புரதமும் போனது. பிரீ-எக்லாம்ப்சியா என்று சொல்லி 35-ஆவது வாரத்திலேயே சிசேரியன் செய்தார்கள். குழந்தை 1.9 கிலோ. இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்கும் பிரஷர் மாத்திரையை ஒன்றரை மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது குழந்தைக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் போன மாதம் நார்வே நாட்டு ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். இப்படிக் குறைமாதத்தில் பெற்றவர்கள் இதயநோயால் இறக்கும் ஆபத்து 8 மடங்கு என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து தூக்கமே இல்லை. என் அம்மாவுக்கும் நான் பிறந்தபோது உடம்பெல்லாம் வீங்கி வலிப்பு வந்ததாம். அந்தப் பயத்திலேயே என்னோடு நிறுத்திக்கொண்டார். இது பரம்பரையா? நார்வேக்காரர்களின் கணக்கு நமக்குப் பொருந்துமா? நான் இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் படித்த ஆய்வு உண்மையானது. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. எண்ணும் சரிதான், 8.12 மடங்கு. அதை இல்லையென்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது, யாரைப் பற்றியது என்று தெரிந்துகொண்டால் இன்றைக்கே உங்களுக்குத் தூக்கம் வரும் என்று நம்புகிறேன்.

1960-களின் தொடக்கத்தில் தாலிடோமைடு என்ற மாத்திரையைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. பல நாடுகளில் அது தெரியவருவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். பிறப்புகளை ஒரே இடத்தில் பதிந்து பார்த்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும். அந்த வருத்தத்தில்தான் நார்வே 1967 முதல் நாட்டில் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்தையும் கட்டாயமாகப் பதிய ஆரம்பித்தது. ஸ்வீடன் 1973-இல் தொடங்கியது. இந்த நாடுகளில் ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே அடையாள எண். அந்த எண்ணை வைத்துப் பிரசவப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கலாம். நீங்கள் படித்த ஆய்வு அப்படிச் செய்ததுதான். 1967 முதல் 1992 வரை முதல் குழந்தை பெற்ற அத்தனை பேரையும் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 6,26,272 பிரசவங்கள்.

அத்தனை பேரையும் என்பது ஏன் முக்கியம் தெரியுமா? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு மாதம் உட்கார்ந்து எண்ணினால், கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குப் பிரஷர் இருப்பதுபோலத் தோன்றும். காரணம், சுற்றுவட்டாரத்தில் சிக்கலான கர்ப்பங்களையெல்லாம் அங்கேதான் அனுப்புகிறார்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணினால் பிரஷரே இல்லாததுபோலத் தோன்றும், ஏனென்றால் இருந்தவர்களை மேலே அனுப்பிவிட்டார்கள். இரண்டு கணக்கும் பொய்யில்லை, ஆனால் இரண்டுமே ஊரின் கணக்கு இல்லை. ஒரு நோய் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பதை அறிய, வந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாது. வராதவர்களும் கணக்கில் இருக்க வேண்டும். அது ஊர் முழுவதையும் எடுக்கும் ஆய்வில்தான் கிடைக்கும்.

சரி, 8 மடங்குக்கு வருகிறேன். 'எத்தனை மடங்கு' என்று கேட்டதும் நம் மனம் அதை ஒரு பெரிய எண்ணாக எடுத்துக்கொள்கிறது. கேட்க வேண்டிய கேள்வி, எதன் 8 மடங்கு என்பது. அந்த ஆய்வில் இருந்த பெண்களைக் கடைசிவரை பின்தொடர்ந்தாலும் அதிகபட்சம் 25 வருடம்தான். முதல் குழந்தை பெற்ற வயதோடு அதைச் சேர்த்தால் பெரும்பாலானோர் 50 வயதைத் தாண்டவில்லை. அந்த வயதுக்குள் இதயநோயால் இறக்கும் பெண்கள் அங்கே மிகச் சொற்பம். சொற்பத்தின் 8 மடங்கும் சிறியதுதான். அதை அந்த ஆய்வாளர்களும் மறைக்கவில்லை. 8.12 என்று சொல்லும்போதே, உண்மை எண் 4.31-லிருந்து 15.33 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சேர்த்தே எழுதினார்கள். இறப்புகள் குறைவாக இருந்ததால்தான் இவ்வளவு அகலமான இடைவெளி. நீங்கள் படித்த இடத்தில் இந்த வரியை விட்டிருப்பார்கள்.

இன்னும் தெளிவாகக் காட்டுவது சிறுநீரகக் கணக்கு. அதே பதிவேட்டை வைத்து 2008-இல் இன்னொரு ஆய்வு வந்தது. 5,70,433 பெண்களில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தது என்று பார்த்தார்கள். முதல் கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு ஆபத்து 4.7 மடங்கு. தலைப்பில் போட்டால் பகீரென்றிருக்கும். ஆனால் அந்த 5 லட்சத்து 70 ஆயிரம் பேரில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் மொத்தமே 477 பேர், அதுவும் முதல் கர்ப்பத்துக்குச் சராசரியாக 17 வருடம் கழித்து. வருடத்துக்கு 1 லட்சம் பேரில் 3.7. இது 4.7 மடங்கு ஆனாலும் 1 லட்சம் பேரில் ஏறத்தாழ 17 பேர்தான் என்று கணக்குப் போடலாம். மீதி 99 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு அந்த வருடம் ஒன்றும் ஆகவில்லை.

அதே சமயம், ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. 2007-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 35 லட்சம் பெண்கள், அவர்களில் பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்கள் 1,98,252 பேர். இவர்களுக்குச் சுமார் 14 வருடத்தில் நிரந்தர ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு 3.7 மடங்கு. மாரடைப்பு போன்ற இதயநோய் 2.16 மடங்கு, பக்கவாதம் 1.81 மடங்கு. இந்த மூன்றில் நீங்கள் கவனம் வைக்க வேண்டியது முதலாவதில். ரத்தக்கொதிப்பு நம்மிடையே சாதாரணமாகக் காணப்படும் நோய். சாதாரண நோயின் 3.7 மடங்கு என்பது நிஜமாகவே நிறையப் பேர். மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் அதுதான் வாசல். அதை ஒரு நிமிடத்தில் கையில் பட்டை கட்டிக் கண்டுபிடித்துவிடலாம், ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைத்துவிடலாம்.

கர்ப்பம்தான் இதயத்தைக் கெடுத்துவிட்டதா என்ற கேள்வி உங்கள் மனதில் இருக்கும். அந்த 2001 ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பதில் தேடிய விதம். தாய்மார்களோடு அப்பாக்களையும் பின்தொடர்ந்தார்கள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வருமானம். வீட்டுச் சூழல்தான் காரணம் என்றால் அப்பாக்களும் கூடுதலாக இறந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆகவே விஷயம் அந்தப் பெண்ணின் உடம்பில் இருக்கிறது. எப்போதிலிருந்து? நார்வேயின் வடக்கு ட்ரோன்டெலாக் மாவட்டத்தில் 1995 முதல் 1997 வரை ஊர் மக்களைக் கூப்பிட்டு பிரஷர், கொழுப்பு, எடை எல்லாம் அளந்து வைத்தார்கள். பிறகு அவர்களில் குழந்தை பெற்ற 3,494 பேரைப் பார்த்தபோது 133 பேருக்குப் பிரீ-எக்லாம்ப்சியா வந்திருந்தது. கர்ப்பம் ஆவதற்கு முன்பே யாருக்கெல்லாம் பிரஷரும் கொழுப்பும் எடையும் சற்று மேலே இருந்தனவோ, அவர்களிடம்தான் அது அதிகம்.

ஓட்டு வீட்டில் கோடைக்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. முதல் பெருமழையில்தான் எந்த ஓடு விரிந்திருக்கிறது என்று தெரியும். கர்ப்பம் உங்கள் ரத்தக்குழாய்களுக்கு வந்த முதல் பெருமழை. 28 வயதிலேயே எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிட்டது. மழையின் பங்கு அறவே இல்லை என்று சொல்லவில்லை. பெரும் பங்கு முன்பே இருந்ததுதான்.

பரம்பரையா என்று கேட்டீர்கள். ஓரளவு ஆம். நார்வே பதிவேடு 2005-க்குள் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டதால் அன்று குழந்தைகளாகப் பதியப்பட்டவர்களே தாய்மார்களாகவும் அதில் வந்துவிட்டார்கள். 2005-இல் அதை வைத்துப் பார்த்ததில், தாய்க்கு அந்தக் கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்ப்சியா இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு சுமார் 2.2 மடங்கு. அப்படிப் பிறந்த மகனின் மனைவிக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடியது, சுமார் ஒன்றரை மடங்கு. அது எப்படி மகன் வழியாக மருமகளுக்கு வரும் என்று கேட்கத் தோன்றும். நஞ்சுக்கொடியை உருவாக்குவதில் குழந்தையின் மரபணுவுக்கும் பங்கு உண்டு, அதில் பாதி அப்பாவுடையது. அதனால் உங்கள் வீட்டில் யாராவது 'உன் வழியில் வந்த கோளாறு' என்று சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இதில் யாருடைய தப்பும் இல்லை.

அடுத்து, நார்வே கணக்கு நமக்குப் பொருந்துமா? திசை பொருந்தும், அளவு அப்படியே பொருந்தாது. அங்கே அது 1967-இலிருந்து வந்த தலைமுறை. உணவு வேறு, எடை வேறு, அன்றைய சிகிச்சையும் வேறு. நம் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தெற்காசியர்களில் பாதிப் பேருக்கு அது 53 வயதுக்குள் வந்துவிட்டது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ 59 வயதுக்குள். நமக்கு இதயநோய் சீக்கிரமே வருகிறது. எனவே இந்த முன்னறிவிப்பை நாம் நார்வேக்காரர்களைவிடக் கூடுதலாகவே மதிக்க வேண்டும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிந்ததும் ஆர்.சி.ஹெச். எண் என்ற 12 இலக்கத் தாய் சேய் நலப் பதிவு எண் தருகிறார்கள். உங்கள் மகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்டிருப்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இவ்வளவு இருந்தும், ஒரு பெண் 45 வயதில் நெஞ்சுவலியோடு வரும்போது அவளுடைய 25 வயதுப் பிரசவச் சீட்டு அந்த மருத்துவர் கைக்கு வருவதில்லை. பல வருடத்துக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனைக்கு 44 வயதுப் பெண் ஒருவர் மாரடைப்போடு வந்தார். சர்க்கரை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று எல்லாம் கேட்டோம். பிரசவத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவரே பேச்சுவாக்கில் சொன்னார், "ரெண்டு பிள்ளைக்கும் எட்டு மாசத்துல பிரஷர் ஏறுச்சும்மா, அதுக்கப்புறம் யாரும் பாக்கச் சொல்லல." 18 வருடம் அவருக்கு யாரும் பிரஷர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் வரும் எந்தப் பெண்ணிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதில்லை.

இரண்டாவது குழந்தை விஷயம். இதற்கு ஸ்வீடன் பதிவேட்டில் நல்ல பதில் இருக்கிறது. 1987 முதல் 2004 வரை முதல் குழந்தை பெற்ற 7,63,795 பேரைப் பார்த்தார்கள். முதல் கர்ப்பத்தில் பிரீ-எக்லாம்ப்சியா வந்தவர்கள் 100-க்கு 4 பேர். முதலில் வந்தவர்களுக்கு இரண்டாவதிலும் வந்தது 100-க்கு 15 பேருக்கு. முதலில் வராதவர்களுக்கு அது 100-க்கு 1 தான். மடங்கில் சொன்னால் பயமாக இருக்கும், ஆளில் சொன்னால் 85 பேருக்குத் திரும்ப வரவில்லை. உங்களுக்கு 35-ஆவது வாரத்திலேயே எடுக்க வேண்டி வந்ததால் உங்கள் கணக்கு கொஞ்சம் மேலே. 34-லிருந்து 37 வாரத்துக்குள் பெற்றவர்களுக்கு 4 பேரில் ஒருவர் வரை என்று பிரிட்டன் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. அப்படிப் பார்த்தாலும் 4-இல் 3 பேருக்கு வருவதில்லை. என் கருத்தைக் கேட்டால், ஆசை இருந்தால் பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தயார் செய்துகொண்டு பெறுங்கள்.

கருத்தரிக்கும் முன்பே ஒருமுறை மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், இவ்வளவையும் பார்த்துவிடட்டும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால் அந்த மருத்துவமனையில் நகல் கேளுங்கள். உங்களுக்கு அது பத்திரம்போல. இடையில் யாராவது பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருந்தால் அதன் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். ராமிப்ரில், எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது. கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது.

அப்புறம் ஆஸ்பிரின். குறைந்த அளவு ஆஸ்பிரின் இரத்தத்தை உறைய விடாத மாத்திரை என்றுதான் பலருக்குத் தெரியும். கர்ப்பத்தின் 12-ஆவது வாரத்தை ஒட்டி, எப்படியும் 16-ஆவது வாரத்துக்குள் ஆரம்பித்தால், பிரீ-எக்லாம்ப்சியாவால் குறைமாதத்தில் பெறும் வாய்ப்பை அது நன்றாகவே குறைக்கிறது. 2017-இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களில் பாதிப் பேருக்கு இரவில் 150 மி.கி. கொடுத்தார்கள். மாத்திரை என்ற பெயரில் வெற்றுமாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம் பேருக்குக் குறைமாதத்திலேயே நோய் வந்தது, ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம் பேருக்கு. உங்களுக்கு ஏற்ற அளவை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். மூன்றாம் மாதம் முடியும்போது அவர் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். இதில் தாமதித்தால் பலன் குறைந்துவிடும். நம் சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையையும் வீட்டில் போட்டு வைக்காதீர்கள். உணவில் கால்சியம் குறைவாக உள்ள இடங்களில் அது இந்த நோயைக் குறைக்கிறது. பெங்களூரில் 11,000 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2024-இல் வந்தது. நாளுக்கு 500 மி.கி. கொடுத்தாலே 1,500 மி.கி. கொடுத்ததற்குச் சளைக்காத பலன் என்று அதில் தெரிந்தது.

கர்ப்பத்தில் உப்பைக் குறைத்தால் இது வராது என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைப்பதன் பலன் கர்ப்பம் இல்லாத இந்த வருடங்களில்தான், இப்போதே ஆரம்பிக்கலாம். கர்ப்பத்தில் 20-ஆவது வாரத்துக்குப் பிறகு வீட்டிலேயே பிரஷர் பாருங்கள். மேல்கையில் கட்டும் மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். 140/90-ஐத் தொட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகு வரும் முதல் சில நாட்களுக்கும் இதே விதிதான், வலிப்பு அப்போதும் வரலாம்.

குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பிரஷர், சில வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் கொழுப்பும். எந்த மருத்துவரிடம் போனாலும், காய்ச்சலுக்குப் போனால்கூட, "எனக்குப் பிரசவத்தில் பிரஷர் வந்து 35 வாரத்தில் எடுத்தார்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கவனம் உங்களைவிட்டு வேறொருவர்மேல் போய்விட்டது. நார்வே பதிவேட்டில் 2012-இல் 8,36,147 பெண்களைப் பார்த்து இன்னொரு ஆய்வு வந்தது. பிரீ-எக்லாம்ப்சியா வந்து, அந்த ஒரு குழந்தையோடு நின்றுவிட்டவர்களிடம்தான் இதயநோய் இறப்பு அதிகமாக இருந்தது. இரண்டு மூன்று பெற்றவர்களிடம் அந்த உயர்வு நன்றாகவே குறைந்திருந்தது. இன்னொரு பிள்ளை பெற்றால் இதயம் பிழைக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உடம்பு முடியாதவர்கள் ஒன்றோடு நின்றிருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் அம்மா பயத்தில் நின்றவர், அவர் கதை வேறாகவும் இருக்கலாம். ஆனால் வலிப்பு வந்து, ஒரே குழந்தையோடு நின்று, 31 வருடம் கடந்துவிட்ட பெண் அவர். இந்த ஆய்வு பேசுவது அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான். அவருக்குப் பிரஷர் இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வரும் பெண்ணிடம் சொன்னால் வீட்டிலேயே பார்த்துவிடுவார். இல்லையென்றால் இந்த வாரமே நீங்கள் இருவரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். முதலில் அம்மா கையில் பட்டையைக் கட்டச் சொல்லுங்கள். என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.